பல் முளைக்கும் பருவம்: வாசகர் கேள்விகளும் குழந்தைநல மருத்துவரின் பதில்களும்

குழந்தைகளுக்குப் பல் முளைக்கும் பருவம் குறித்துக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் ஒரே கவலை பல ஊர்களிலிருந்தும் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்ததால், அதை முதலில் எடுத்துக்கொண்டு சற்று விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டது. இரண்டு நாட்களாக 102 டிகிரி காய்ச்சல் அடிக்கிறது. ஒரு நாளைக்கு ஆறேழு முறை தண்ணீராக வயிறு போகிறது. கீழ் ஈறு தடித்திருக்கிறது. “பல் முளைக்கும்போது வயிறு போகத்தான் செய்யும், மருந்து கொடுத்து நிறுத்தக் கூடாது” என்கிறார் என் மாமியார். மருத்துவரிடம் காட்ட வேண்டுமா?
வாசகி, தஞ்சாவூர்

பதில்: கட்டாயம் காட்ட வேண்டும். உங்களுக்குத் தனியே பதில் அனுப்பிவிட்டோம். இதே நிலையில் இருக்கும் மற்றப் பெற்றோருக்காக இங்கே எழுதுகிறேன்.

பல் ஈற்றைத் துளைத்துக்கொண்டு வெளிவரும் நாட்களில் குழந்தைக்கு எச்சில் மிகுதியாக வடியலாம், ஈறு சிவந்து தடிக்கலாம், எதைக் கண்டாலும் கடிக்கத் தோன்றலாம், தூக்கம் கெட்டுச் சிணுங்கலாம், உடம்பு இலேசாகச் சூடாகவும் இருக்கலாம். ஆனால் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய காய்ச்சலையோ, தண்ணீராகப் போகும் வயிற்றுப்போக்கையோ, வாந்தியையோ பல்லின் கணக்கில் எழுதக் கூடாது. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், 125 குழந்தைகளின் உடல் வெப்பத்தையும் பல் முளைப்பையும் மற்ற அறிகுறிகளையும் பெற்றோரே நாள்தோறும் குறித்துவந்தார்கள். பல் வெளிவரும் நாளுக்கு முந்தைய நான்கு நாட்கள், பல் தெரியும் நாள், அதற்குப் பிந்தைய மூன்று நாட்கள் ஆகிய எட்டு நாட்களில்தான் குழந்தைகளின் சிணுங்கலும் கடியும் கூடியிருந்தன. வயிற்றுப்போக்கு, வாந்தி, இருமல், 102 டிகிரிக்கு மேற்பட்ட காய்ச்சல் ஆகியவற்றுக்கும் பல் முளைப்புக்கும் தொடர்பு காணப்படவில்லை.

அப்படியானால் இந்த நம்பிக்கை தலைமுறை தலைமுறையாக எப்படி நிலைத்தது என்று நீங்கள் கேட்கலாம். முதல் பல் பெரும்பாலும் ஆறாம் மாதத்துக்கும் பத்தாம் மாதத்துக்கும் இடையில் வருகிறது. தாயின் வயிற்றிலிருந்தபோது பெற்றுவந்த எதிர்ப்பாற்றல் குறைந்துபோவதும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான். கூழும் கஞ்சியும் கொடுக்கத் தொடங்குவதும், குழந்தை தவழ்ந்து போய்த் தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் வைப்பதும் அப்போதுதான். கிருமி உள்ளே போவதற்கான வழிகள் அனைத்தும் ஒரே சமயத்தில் திறக்கும்போது, கண்ணுக்குத் தெரிகிற பல்லின்மீது பழி விழுகிறது. உங்கள் மாமியார் கண்டதில் பிழையில்லை. பல் வந்தபோது வயிறு போனதை அவர் தம் பிள்ளைகளிடமும் பார்த்திருப்பார். காரணத்தைத்தான் இடம் மாற்றிச் சொல்கிறார்.

இது நம் ஊர்ப் பாட்டிமார்களின் தவறு மட்டுமன்று. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1839ஆம் ஆண்டுப் பதிவேடுகளில் 5,016 இறப்புகளுக்குக் காரணம் ‘பல் முளைப்பு’ என்றே எழுதிவைத்தார்கள். அங்குள்ள மருத்துவர்கள் அக்காலத்தில் ஈற்றைக் கத்தியால் கீறிவிட்டார்கள். பாதரசம் சேர்ந்த பல் பொடிகள் கடைகளில் விற்கப்பட்டன; அவற்றைத் தின்ற குழந்தைகளின் கைகால்கள் சிவந்து வீங்கித் தோல் உரிந்தன. 1954இல் அந்தப் பொடிகளிலிருந்து பாதரசம் நீக்கப்பட்ட பிறகு அந்நோயும் ஏறத்தாழ மறைந்துவிட்டது. பல்லுக்கு மருந்து கொடுப்பதாக எண்ணி நஞ்சைக் கொடுத்திருக்கிறார்கள். பல்லின் மீது பழி போட்டதால், உண்மையான நோய்க்குச் சிகிச்சை கிடைக்காமல் எத்தனை குழந்தைகள் இறந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவே மனம் வருந்துகிறது.

வயிற்றுப்போக்கை மருந்து கொடுத்துச் சட்டென்று நிறுத்தக் கூடாது என்ற அளவில் உங்கள் மாமியார் சொல்வது சரியே. இந்த வயதில் பேதியைக் கட்டும் மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது. ஆனால் இழந்த நீரை ஈடுசெய்தாக வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தாமல் அடிக்கடி கொடுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் குறிப்பிட்டுள்ள அளவு, அதாவது பெரிய பொட்டலமாக இருந்தால் ஒரு லிட்டர், கொதிக்கவைத்து ஆறிய நீரில் முழுவதுமாகக் கரைத்து, ஒவ்வொரு முறை வயிறு போன பிறகும் கரண்டியால் சிறிது சிறிதாகப் புகட்டுங்கள். பொட்டலத்தில் பாதியைக் குத்துமதிப்பாகக் கரைப்பது ஆபத்து. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வீதம் 14 நாட்களுக்கு ஜிங்க் மாத்திரை தர வேண்டும். பேதி நின்றுவிட்டாலும் பதினான்கு நாளும் முடிக்க வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டும் இலவசமாகக் கிடைக்கும். குழந்தை ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காமல் இருந்தாலும், கண் குழிந்தாலும், உச்சிக்குழி பள்ளமானாலும், பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடந்தாலும், மலத்தில் இரத்தம் தெரிந்தாலும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே அது அவசர நிலைதான்.

கேள்வி: நான்கு மாதக் குழந்தை சட்டை நனையும் அளவுக்கு எச்சில் வடிக்கிறாள். அதற்குள் பல் வருகிறதா? கன்னமும் கழுத்தும் சிவந்துவிட்டன.
வாசகி, திருச்சி

பதில்: வரலாம்; ஆனால் பெரும்பாலும் வருவதில்லை. மூன்று, நான்கு மாதங்களில் உமிழ்நீர்ச் சுரப்பிகள் வேகமாக வேலை செய்யத் தொடங்கிவிடுகின்றன. சுரப்பதை எல்லாம் விழுங்கும் பழக்கம் பின்னால்தான் வருகிறது. அந்த இடைவெளியில்தான் சட்டை நனைகிறது. துடைக்கும்போது தேய்க்காமல் மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். தூங்கவைக்கும் முன் கன்னத்திலும் மோவாயின் கீழும் வாசனை சேராத வாசலின் சிறிது தடவினால் தோல் ஈரத்திலிருந்து காக்கப்படும். பவுடர் போட வேண்டாம்.

கேள்வி: மருந்துக் கடையில் ஈற்றில் தடவ ஒரு ஜெல் கொடுத்தார்கள். தடவியதும் குழந்தை அமைதியாகிவிடுகிறான். ஒரு நாளைக்கு எத்தனை முறை தடவலாம்?
வாசகர், மதுரை

பதில்: ஒரு முறையும் வேண்டாம். அந்தக் குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் பெயர்களைப் படித்துப் பாருங்கள். பென்சோகெயின் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்து இருந்தால், அது இரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமந்து செல்லும் திறனைக் குலைத்துவிடக் கூடியது. குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாய்ந்து, உயிருக்கே ஆபத்து நேரலாம். இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2011இல் எச்சரித்தது, 2018இல், பல் முளைக்கும் குழந்தைகளுக்கென்று விற்கப்படும் பென்சோகெயின் மருந்துகளையே சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. அதே வகையைச் சேர்ந்த லிக்னோகெயின் இருந்தால், குழந்தை அதை எச்சிலோடு விழுங்குவதால் வலிப்பு வரக்கூடும். கோலீன் சாலிசிலேட் ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்தது. பிரிட்டனில் 2009 முதல் 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதனைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் வாய்ப்புண் ஜெல்கள் பலவற்றில் கோலீன் சாலிசிலேட்டும் லிக்னோகெயினும் சேர்ந்தே இருக்கின்றன.

தடவியதும் அமைதியாகிறான் என்கிறீர்கள். மருந்தைக் காட்டிலும் உங்கள் விரல் ஈற்றில் அழுந்தியதுதான் காரணமாக இருக்க வாய்ப்புண்டு; எச்சில் ஊறும் வாயில் அந்த ஜெல் நிலைத்து நிற்கும் நேரமே மிகக் குறைவு. ஆகவே கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நகத்தை வெட்டிக்கொண்டு, வெறும் விரலாலேயே ஈற்றை ஓரிரு நிமிடம் மெதுவாக அழுத்தித் தேய்த்துவிடுங்கள். சுத்தமான துணியைக் கொதித்து ஆறிய நீரில் நனைத்துப் பிழிந்து, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் அரை மணி நேரம் வைத்து, அதைக் கடிக்கக் கொடுக்கலாம். டீத்தர் வாங்கினால் உள்ளே நீர் நிரம்பாத, ஒரே துண்டாக வார்த்த ரப்பர் வளையமாகப் பாருங்கள். எதையும் உறைபனிப் பெட்டியில் வைத்துக் கொடுக்காதீர்கள். பனிக்கட்டியாக இறுகிய பொருள் ஈற்றைப் புண்ணாக்கும். கேரட் துண்டு, முறுக்கு, ரஸ்க் ஆகியவற்றைக் கையில் கொடுத்துவிட்டு வேலை பார்க்கப் போகும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். முன்பல் கடித்து உடைத்ததை அரைக்கக் கடைவாய்ப் பல் இன்னும் வரவில்லை.

கேள்வி: இரவில் மிகவும் அழுதால் பாராசிட்டமால் கொடுக்கலாமா? அளவு என்ன?
வாசகி, கோயம்புத்தூர்

பதில்: மேலே சொன்னவற்றைச் செய்தும் அடங்காவிட்டால் ஓரிரு இரவுக்குக் கொடுக்கலாம். அளவை வயதை வைத்துக் கணக்கிடாமல் எடையை வைத்துக் கணக்கிட வேண்டும்: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். இடையில் ஆறு மணி நேரம் விடுவது நல்லது. 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கூடாது.

இதில் பெரும்பாலோர் கவனிக்காத இடம் ஒன்று இருக்கிறது. பாராசிட்டமால் நம் கடைகளில் குறைந்தது மூன்று அடர்த்திகளில் விற்கப்படுகிறது. எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு மிகுதியாக 120 மில்லிகிராம் தரலாம் என்று வைத்துக்கொள்வோம். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 5 மில்லி. 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 2.4 மில்லி, ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்து என்றால் 1.2 மில்லிதான். “அக்கா பிள்ளைக்கு ஒரு மூடி கொடுத்தார்கள்” என்று சொட்டு மருந்தை 5 மில்லி ஊற்றிக் கொடுத்தால் தேவையைப்போல் நான்கு மடங்குக்கு மேல் உள்ளே போய்விடும். அதே அளவு மீண்டும் மீண்டும் கொடுக்கப்பட்டால் ஈரல் பாதிக்கப்படும். சமையலறைக் கரண்டியால் அளக்காமல், மருந்தோடு வரும் அளவுக் குழாயாலேயே அளந்து கொடுங்கள். ஆஸ்பிரின் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. மூன்றாம் நாளும் மருந்து தேவைப்பட்டால் அழுகைக்குக் காரணம் பல்தானா என்று பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. காதில் சீழ் கோத்த குழந்தையும் இப்படித்தான் காதைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் அழும்.

கேள்வி: பேத்தியின் கையில் வசம்பு வளையல் கட்டியிருக்கிறோம். ஈறு தினவெடுத்தால் அதையே கடிக்கிறாள். ஈற்றில் தேன் தடவுவதும் எங்கள் வீட்டு வழக்கம். மகன் இரண்டையும் தடுக்கிறான். யார் சொல்வது சரி?
வாசகி, நாகர்கோவில்

பதில்: அம்மா, இந்த முறை உங்கள் மகன் பக்கம்தான் நிற்க வேண்டியிருக்கிறது. ஒரு வயது முடியும்வரை தேன் ஒரு துளியும் கூடாது. தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர்களின் குடலில் அவை ஒன்றும் செய்யாமல் போய்விடும். கைக்குழந்தையின் குடலிலோ முளைத்து நஞ்சைச் சுரக்கும். அப்போது முதலில் மலச்சிக்கல் வரும், பின் அழுகுரல் மெலியும், பால் உறிஞ்ச வலுவின்றித் தலை தொங்கிவிடும். காய்ச்சுவதால் அந்த வித்துகள் அழிவதில்லை என்பதால், காய்ச்சிய தேன் என்றாலும் வேண்டாம். வாய்ப்புண்ணுக்கென்று வெங்காரத்தை (போராக்ஸ்) தேனில் குழைத்து ஈற்றில் தடவுவோரும் உண்டு. தொடர்ந்து அப்படித் தடவப்பட்ட குழந்தைகளுக்கு வலிப்பு வந்தது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது.

வசம்பைப் பொறுத்தவரை, அதிலுள்ள பீட்டா அசரோன் என்ற பொருள் விலங்குகளில் கட்டிகளை உண்டாக்கியதால் 1968இலேயே அமெரிக்காவில் வசம்பை உணவில் சேர்ப்பது தடைசெய்யப்பட்டது. அளவு கூடினால் கடுமையான வாந்தி வரும். வளையல் கையில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லவும் எனக்குத் துணிவில்லை. கடித்துக் கடித்து நூல் நைந்தால் ஒரு துண்டு கழன்று மூச்சுக்குழாயில் போய் அடைக்கும். கழுத்தில் கட்டும் மணிமாலைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வெளிநாடுகளில் பல்வலிக்கென்று விற்கப்படும் ஆம்பர் மணிமாலை கழுத்தை இறுக்கித் தூக்கத்தில் குழந்தை இறந்ததைச் சுட்டிக்காட்டி 2018இல் எஃப்.டி.ஏ. அதையும் வேண்டாம் என்றது. பேத்திக்கு உங்கள் கைவிரலால் ஈறு தேய்த்துவிடுங்கள். அந்தப் பொறுமை இக்காலத்துத் தாய்மாரைவிடப் பாட்டிமாருக்கே அதிகம்.

கேள்வி: என் அக்கா மகனுக்கு மேல்பல் முதலில் முளைத்துவிட்டது. தாய்மாமனுக்கு ஆகாது என்று வீட்டில் பரிகாரம் பேசுகிறார்கள். நான்தான் அந்தத் தாய்மாமன்.
வாசகர், சேலம்

பதில்: அச்சமின்றி மருமகனைத் தூக்கிக் கொஞ்சுங்கள். கீழ் முன்பற்கள் இரண்டும் முதலில் வருவது பெரும்பான்மை வழக்கம். மேல் முன்பல் முந்திக்கொள்வதும் இயல்பான வேறுபாடுதான். பிறக்கும்போதே பல்லோடு பிறக்கும் குழந்தைகளும் உண்டு. ஏறக்குறைய இரண்டாயிரம் முதல் மூவாயிரம் பிறப்புகளில் ஒன்றில் இப்படி நேர்கிறது. அப்படிப்பட்ட பல் பெரும்பாலும் கூடுதல் பல்லாக இல்லாமல், முன்கூட்டியே வந்த பால்பல்லாகவே இருக்கும். மிகவும் ஆடினால் மட்டும், கழன்று மூச்சுக்குழாயில் விழுந்துவிடாமலிருக்கப் பல் மருத்துவர் எடுத்துவிடுவார். உறுதியாக இருந்தால் விட்டுவிடலாம்.

கேள்வி: மகனுக்கு முதல் பல் வந்ததும் பல்லுக்கொழுக்கட்டை அவித்துத் தலையில் சொரிய இருக்கிறோம். இந்தக் காலத்தில் இது தேவையா என்று கணவர் கேட்கிறார்.
வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: மருத்துவத்துக்கு இதில் ஆட்சேபணை எதுவும் இல்லை, சுற்றம் கூடிக் குழந்தையின் வளர்ச்சியைக் கொண்டாடுவது நல்லதுதானே. இரண்டைக் கவனித்துக்கொள்ளுங்கள். கொழுக்கட்டை நன்கு ஆறியிருக்க வேண்டும். பல்லுப்போலச் செருகும் தேங்காய்ச் சொட்டு குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது. சொரிந்தவை முழுவதையும் துணியோடு அள்ளி எடுத்த பிறகே பிள்ளையைத் தவழ விடுங்கள்.

கேள்வி: மகளுக்குப் பதினொரு மாதம் ஆகிறது, ஒரு பல்லும் வரவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஆறு பல். கால்சியம் டானிக் கொடுக்கலாமா?
வாசகி, சென்னை

பதில்: பாற்பற்களின் முளைகள் தாயின் வயிற்றில் ஆறாம் வாரத்திலேயே தோன்றிவிடுகின்றன, பிறக்கும்போது இருபதும் ஈற்றுக்குள்ளே உருவாகிக்கொண்டிருக்கின்றன. அவை எப்போது வெளியே தலைகாட்டும் என்பதைப் பெரும்பாலும் பரம்பரைதான் தீர்மானிக்கிறது. உங்களுக்கோ உங்கள் கணவருக்கோ தாமதமாகப் பல் வந்ததா என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். குறைமாதத்தில் பிறந்தவள் என்றால், அந்த வாரங்களைக் கழித்துவிட்டே வயதைக் கணக்கிட வேண்டும். கால்சியம் டானிக் கொடுப்பதால் பல் விரைந்து வராது. முதல் வயது முடியும்வரை நாள்தோறும் 400 யூனிட் வைட்டமின் டி தருவது எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவான பரிந்துரை. உங்கள் மருத்துவர் அதை எழுதித் தந்திருந்தால் தொடருங்கள். பதினெட்டு மாதம் ஆகியும் ஒரு பல்லும் வராவிட்டால், அல்லது அதற்கு முன்பே உட்காருதல், நிற்றல், பேச்சு ஆகியவற்றிலும் தாமதம் தெரிந்தால், தைராய்டு குறைவும், எலும்பு மென்மையாகிவிடும் ரிக்கெட்ஸ் நோயும் உண்டா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். பல் வரப்போகும் இடத்தில் நீலநிறக் கொப்புளம் தெரிந்தால் அதைக் கண்டும் பயப்பட வேண்டாம். ஊசியால் குத்தாதீர்கள், பல் வரும்போது தானாக உடைந்துவிடும்.

கேள்வி: பல் வந்ததிலிருந்து பால் குடிக்கும்போது கடித்துவிடுகிறான். தாய்ப்பாலை நிறுத்திவிடலாமா?
வாசகி, திண்டுக்கல்

பதில்: நிறுத்த வேண்டியதில்லை. முனைப்பாகப் பால் உறிஞ்சும் குழந்தையால் கடிக்க முடியாது, ஏனெனில் அப்போது அதன் நாக்கு கீழ்ப்பல்லை மூடியிருக்கும். வயிறு நிறைந்து விளையாடத் தொடங்கும்போதுதான் கடி விழுகிறது. உறிஞ்சுவது தளர்ந்ததும் சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்து மார்பை விடுவித்துக்கொள்ளுங்கள். கடித்தால் வெடுக்கென்று இழுக்காதீர்கள், காயம் பெரிதாகும்; குழந்தையின் முகத்தை மார்போடு சற்று அணைத்தால் மூச்சுக்காகத் தானே வாயைத் திறப்பான். பால் கொடுக்கும் முன் ஈற்றைத் தேய்த்துவிட்டாலும் கடி குறையும்.

கேள்வி: பல் வந்த உடனேயே துலக்க வேண்டுமா? எங்கள் பகுதியில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்த பிள்ளைகளுக்குப் பல்லில் மஞ்சள் கறை இருக்கிறது.
வாசகர், தருமபுரி

பதில்: முதல் பல் தெரிந்த நாளிலிருந்தே காலையிலும் இரவிலும் துடைத்தாக வேண்டும். தொடக்கத்தில் ஈரத் துணி போதும். பிறகு மென்மையான சிறு தூரிகை. பிற ஊர்களில் இருப்போருக்கு, ஃப்ளோரைடு சேர்ந்த பற்பசையை ஓர் அரிசி மணி அளவு தொட்டுத் துலக்குங்கள் என்பேன். மூன்று வயதுக்குப் பிறகு பட்டாணி அளவு. உங்கள் நிலை வேறு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுதி என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஏழாம் வயதில் முளைக்கப்போகும் நிரந்தர முன்பற்களின் எனாமல், பிறந்ததிலிருந்து முதல் மூன்று நான்கு ஆண்டுகளில்தான் உருவாகிறது. அந்தக் காலத்தில் உள்ளே போகும் ஃப்ளோரைடே பின்னாளில் கறையாகத் தெரிகிறது.

ஆகவே பற்பசையைவிட முதலில் நீரைப் பாருங்கள். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீரே கிடைக்காத நிலையில் 1.5 மில்லிகிராம் வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் உங்கள் கிணற்று நீரைக் கொடுத்துச் சோதித்துக்கொள்ளலாம். கொதிக்கவைத்தால் ஃப்ளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். தாய்ப்பாலில் ஃப்ளோரைடு மிகக் குறைவு. மாவுப் பாலைக் கிணற்று நீரில் கரைத்துக் கொடுக்கும் வீடுகளில்தான் குழந்தைக்கு அது மிகுதியாகப் போய்ச் சேருகிறது. கூட்டுக் குடிநீர்க் குழாய் நீர் உங்கள் தெருவுக்கு வருகிறது என்றால் குழந்தையின் பாலுக்கும் கஞ்சிக்கும் அதையே ஒதுக்கிவையுங்கள். சோதனை முடிவு வரும்வரை பற்பசை இல்லாமல் வெறும் நீரிலேயே துலக்கிவிடுங்கள். முடிவுத் தாளோடு, முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரைப் பார்த்து, பற்பசையைத் தொடங்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.